ரொம்ப தூரம் என்றாயே

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே நலம். முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, அதை விடு.

'ரொம்ப தூரம்பா, இந்த வருஷமும் கஷ்டம்தான்' என்று ஒரு வரி அனுப்பியிருந்தாய். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் உன் பழைய உலக உருண்டையை, அதுதான் அந்தக் கால் உடைந்தது, பரணிலிருந்து இறக்கி, தையல் பெட்டியில் இருந்த நூலை உன் ஊருக்கும் நம் ஊருக்கும் நடுவே இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். சுவர் மேப்பில் பார்த்தால் நேரே கிழக்கே வர வேண்டியதுதானே என்று தோன்றும், நூல் என்னவோ வடக்கே பனிப்பக்கமாக வளைந்துதான் வருகிறது. அதுதான் குறுக்கு வழியாம். 13,000 கிலோமீட்டர் சொச்சம். பூமியின் சுற்றளவே 40,000 என்பதால் எந்த இரண்டு ஊருக்கும் நடுவே 20,000-க்கு மேல் இருக்க வழியில்லை, நீ ஒன்றும் கடைசி எல்லையில் இல்லை. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு 15,000-க்கு மேல், எங்கும் இறங்காமல் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே போகிறார்கள்.

மேலே காற்று மேற்கிலிருந்து கிழக்கே அடிப்பதால் நீ இங்கே வருவதற்கு ஆகும் நேரம் திரும்பிப் போவதைவிடக் குறைவுதான். சும்மா சொன்னேன்.

வந்தால் இரண்டு விமானத்துக்கும் ஒரே டிக்கெட்டாகப் போடு. தனித்தனியாகப் போட்டு முதலாவது தாமதமானால் அடுத்தவன் கைவிரித்துவிடுவான். நடுவில் மூன்று மணி நேரமாவது இருக்கட்டும். இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் பொடியாக +1 என்று போட்டிருப்பான், மறுநாள் இறங்கும் என்று அர்த்தம், அதைப் பார்க்காமல் நான் முந்தின நாளே ஏர்போர்ட்டில் போய் நின்றதை அம்மா கடைசி வரை சொல்லிச் சிரித்தாள். தனியாகவே எல்லாம் பார்த்துக்கொள்கிறாய், பெருமையாகத்தான் இருக்கிறது, ஆனாலும் வாரத்துக்கு ஒரு போன் பண்ண அந்த ஊரில் தடையா என்ன?

'ரொம்ப தூரம்' என்பது நான் சொன்னதுதான் பாப்பா. அன்று நீ 'கிளம்பி வரட்டுமாப்பா' என்று கேட்டபோது, ஒரு நாள் முழுக்க விமானத்தில் உட்கார்ந்து வந்து என்ன பண்ணப்போகிறாய், பயப்படுகிற மாதிரி ஒன்றுமில்லை என்றேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. உள்ளே வந்து அம்மாவிடம், பாப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லையாம் என்றேன். சரி என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். நீ கிளம்பியிருந்தால் பார்த்திருப்பாய், முழுசாக இரண்டு நாள் இருந்தது. இத்தனை நாள் நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மறுபடி சொல்கிறேன், நடுவில் மூன்று மணி நேரம் இருக்கட்டும். இரண்டு மணி நேரம் என்று போட்டிருப்பதை வாங்காதே, விலை குறைவாக இருந்தாலும்.

அப்பா