ஜேசிபிக்கு மணிக்கணக்கு, ஆலோசனைக்கு மட்டும் இலவசமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு வணிகப் பக்கத்தில் வரும் முதலீட்டுக் கேள்வி பதிலை நான் விடாமல் படிக்கிறவன். அதைப் பற்றி ஒரு கோரிக்கை இருக்கிறது, அதற்கு முன்னால் என் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

எனக்குக் காங்கயம் பக்கம் கொப்பரைக் களம். 2022ல் ரோட்டோரமாக இருந்த ஒன்றரை ஏக்கரை விற்றோம். பணம் அக்கவுண்டில் ஏறிய மறுநாளே பேங்கிலிருந்து போன், வாங்க சார், காபி சாப்பிடுங்க சார் என்று. டெபாசிட் போடத்தான் போனேன். "டெபாசிட்டை விட இது நல்லா இருக்குதுங்க, அஞ்சு வருசத்துல டபுள்" என்று ஒரு பையன் நாலைந்து இடத்தில் கையெழுத்து வாங்கினான். மூன்று லட்சம். ஒரு தடவை கட்டினால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். அடுத்த வருசம் அதே மாசம் போன் வருகிறது, "டியூ வந்திருக்குதுங்க" என்று! பீரோவில் பிரிக்காமல் கிடந்த கவரை அப்போதுதான் எடுத்துப் பார்த்தேன், அது பத்து வருசம் கட்ட வேண்டிய இன்சூரன்ஸ் பாலிசி. பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்க 15 நாள் டைம் இருந்திருக்கிறது, 2024ல் அதை 30 நாளாக்கிவிட்டார்கள். கவரையே பிரிக்காதவனுக்கு 15 என்ன, 30 என்ன. கட்டியது போய்விடுமே என்ற பயத்தில் இரண்டாவது மூன்று லட்சத்தையும் கட்டித் தொலைத்தேன்.

மூன்றாவது தவணை வருவதற்குள், கமிஷன் வாங்காமல் கூலி மட்டும் வாங்கிக்கொண்டு யோசனை சொல்கிற ஆள் யாராவது இருக்கிறார்களா என்று தேட ஆரம்பித்தேன். திருப்பூர், ஈரோடு, கோயம்புத்தூர் என்று ஒன்பது பேரிடம் போனில் பேசியிருப்பேன். உங்கள் ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டால் ஏழு பேர் ஒரே மாதிரி சொன்னார்கள், "ஃபீஸே இல்லீங்கண்ணா, ஃப்ரீ". ஏழு பேரும் ஏஆர்என் என்ற பதிவு நம்பர் வைத்திருக்கிற மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர்கள், ஃபண்டு கம்பெனி கொடுக்கிற கமிஷன்தான் அவர்கள் வருமானம். அந்தத் தொழில் தப்பு என்று சொல்லமாட்டேன், மாசாமாசம் இரண்டாயிரம் என்று ஃபண்டில் எஸ்ஐபி போடுகிறவருக்கு அலைந்து திரிந்து ஃபாரம் நிரப்பிக் கொடுக்கிறவர்கள் அவர்கள்தான். ஆனால் போர்டில் மட்டும் 'நிதி ஆலோசகர்' என்று எதற்கு?

ஆலோசகர் என்றால் பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான செபியில் பதிவு வேண்டும், நம்பர் ஐஎன்ஏ என்று ஆரம்பிக்கும். 2013லிருந்து இருக்கிற சட்டம். தன்னிடம் கட்டணம் கொடுத்து யோசனை கேட்கிறவருக்கு எதையும் விற்றுக் கமிஷன் வாங்கக் கூடாது. சதவீதக் கணக்கு இல்லாமல் இவ்வளவு என்று நிர்ணயித்த கட்டணம் என்றால் ஒரு குடும்பத்துக்கு வருசத்துக்கு இப்போது அதிகபட்சம் 1,51,000 ரூபாய். செபி வெப்சைட்டில் பெயர்ப் பட்டியல் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நாடு முழுக்கவே ஆயிரத்துக்கு முன்னே பின்னேதான் இருப்பார்கள், அதனால்தான் நம் கண்ணில் படுவதில்லை. அவர்களிலும் பல பேர் வருசக் கட்டணம்தான் கேட்கிறார்கள். மணிக்கணக்குக்கு ஒப்புக்கொண்ட ஒருவரைக் கடைசியில் கோயம்புத்தூரில் பிடித்தேன், மணிக்கு 3,000.

வீட்டில் சொன்னதும் என் சம்சாரம், "பேசறதுக்கு மூவாயிரமா?" என்றாள். போன மாசம் வரப்பு வெட்ட ஜேசிபி வந்தபோது மீட்டர் பக்கத்திலேயே நின்று நிமிசத்தை எண்ணியவள் அவள்தான். ட்ராக்டர் உழவுக்கு மணிக்கணக்கு, போர் போட்டால் அடிக்கணக்கு, தேங்காய் பறிக்க மரக்கணக்கு, இதிலெல்லாம் நமக்கு ஒரு கூச்சமும் கிடையாது. ஆயுசு முழுக்கச் சேர்த்த பணத்தை எங்கே வைப்பது என்று கேட்க மட்டும் இலவச ஆள் வேண்டும் நமக்கு.

பாலிசி, பாஸ்புக், ஃபண்டு பேப்பர் எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு போனேன். ஆலோசகர் ஒரு பெண், அந்தம்மாவுக்கு என் மூத்த மகள் வயசுதான் இருக்கும். ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு முதலில் கேட்டது, "கொப்பரை விலை படுத்துருச்சுன்னா எத்தனை மாசம் தாங்குவீங்க?" என்னிடம் இதுவரை யாருமே கேட்காத கேள்வி. முழுசாக ஒரு மணி நேரம் அதிலேயே போயிற்று. பாலிசிக்கு இனிப் பணம் கட்ட வேண்டாம், இரண்டு வருசம் கட்டியிருப்பதால் 'பெய்ட் அப்' ஆக்கிவிடலாம், அதாவது மேற்கொண்டு கட்டாமல் கட்டிய வரைக்கும் பாலிசியை ஓடவிடலாம், வர வேண்டியது குறைந்தாலும் மேலே மேலே கொட்டுவதை விட அது நஷ்டம் குறைவு என்று கணக்குப் போட்டுக் காட்டினார்.

அப்புறம் ஃபண்டு. என் மச்சினன் பையன் மூலமாகப் போட்ட 18 லட்சமும் ரெகுலர் பிளான், அதாவது விற்றவருக்குக் கமிஷன் போகிற பிளான். அதே ஃபண்டில் கமிஷன் இல்லாத டைரக்ட் பிளான் 2013 ஜனவரியிலிருந்து இருக்கிறதாம். என் ஃபண்டுகளில் இரண்டுக்கும் செலவு வித்தியாசம் சராசரி 0.9 சதவீதம், அதாவது வருசம் 16,200 ரூபாய். என் கையிலிருந்து ஒரு ரூபாய் போகாது, தினமும் யூனிட் மதிப்பிலேயே கழிந்துவிடும், அதனால் தெரிவதில்லை. ஒரேயடியாக மாற்றாதீர்கள், லாபத்துக்கு வரி வரும், கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாம் என்றும் சொன்னார். (மச்சினன் பையனிடம் இதைச் சொல்ல எனக்கு ஆறு மாசம் ஆயிற்று, அது தனிக் கதை.)

இரண்டு நாள், மொத்தம் நாலு மணி நேரம், 12,000. ரூபாய் கட்டை எடுத்து நீட்டினேன், தொடவே இல்லை. "ரொக்கமா வாங்கக் கூடாதுங்க ஐயா, செபி ரூல். ஜிபே பண்ணுங்க." எனக்கு ஜிபே தெரியாது. பையனுக்குப் போன் போட்டு அனுப்பச் சொன்னேன்.

எனக்குத் தெரிந்து 2012ல் ஈமு கோழியில் போட்டுவிட்டுப் பெருந்துறைப் பக்கம் அலைந்தவர்களில் எத்தனையோ பேர் என்னை விட விவரமானவர்கள். போடுவதற்கு முன்னால் அவர்கள் யோசனை கேட்டதெல்லாம் ஆள் சேர்த்து விட்டவரிடம்தான்.

இப்போது கோரிக்கை. உங்கள் கேள்வி பதில் பகுதியில் பதில் சொல்கிறவரின் பெயருக்குக் கீழே 'முதலீட்டு நிபுணர்' என்று மட்டும் போடுகிறீர்கள். அவர் ஐஎன்ஏவா, ஏஆர்என்னா, இன்சூரன்ஸ் ஏஜென்டா என்று நம்பரோடு அச்சடியுங்கள். கல்யாண மண்டபத்தில் சாப்பாடு போட்டு நடத்துகிற முதலீட்டாளர் கூட்டத்துக்கு நீங்கள் விளம்பரம் வாங்கும்போதும், மேடையில் பேசப்போகிறவரின் பதிவு எண்ணை அதே விளம்பரத்தில் போடச் சொல்லுங்கள். ஒரு வரி இடம்தானே சார்.

இப்படிக்கு,
கொப்பரைக் களத்துக்காரர் ஒருவர்,
காங்கயம்