யாழினி விரல் நீட்டிக் காட்டுகிறாளா, அம்மா?

வின்னிபெக், கனடா,
பிப்ரவரி 9

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து பதினோரு நாள் ஆகிறது. தினமும் ஒரு தடவை எடுத்துப் படிக்கிறேன். தீபாவளிக்குப் பிறகு நான் ஒரு வரிகூட எழுதவில்லை, போனிலும் "நல்லா இருக்கோம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறேன். அதற்கு நீ கோபப்படவே இல்லை. அதுதான் சுடுகிறது. இதைப் போனில் சொல்ல வாய் வராது என்பதால் எழுதுகிறேன்.

இங்கே எல்லாரும் நலம். குளிர் மைனஸ் 30. ஏற்காட்டுக்குப் போனால் அப்பா இருபது கொண்டை ஊசி வளைவும் மஃப்ளரைக் காதோடு கட்டிக்கொண்டே வருவாரே, அந்தக் குளிர் இங்கே வெயில் கணக்கு. ராத்திரி காரை நிறுத்தியதும் அதன் முன்னால் தொங்கும் ஒயரைச் சுவர் பிளக்கில் மாட்ட வேண்டும். எஞ்சினைச் சூடாக வைத்தால்தான் காலையில் கிளம்பும். கட்டுத்தறியில் மாடு கட்டின மாதிரி தெரு முழுக்கக் கார்கள் நிற்கும். உன் மாப்பிள்ளை சனி ஞாயிறும் வேலைக்குப் போகிறார், வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காதாம். இரண்டு மாதமாகப் பணம் குறைவாக அனுப்பியதற்கு வேறு காரணம் இல்லை, பேங்க் மாற்றினோம், அவ்வளவுதான். பேச்சுத் துணைக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டி இருக்கிறார். பூர்வீகம் உக்ரைன். எண்பது வயசிலும் எங்கள் வாசல் பனியையும் சேர்த்துத் தள்ளிவிட்டு, பீட்ரூட் சூப்பைக் கதவருகே வைத்துவிட்டுப் போய்விடுவார். உப்பே இருக்காது, ஆனால் மாறன் குடிக்கிறான்.

மாறனைப் பற்றி உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன் அம்மா. அவனுக்கு ஆட்டிசம். பேச்சும் மற்றவர்களோடு பழகுவதும் வேறு மாதிரி வளர்கிற நிலை. டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது.

அந்தப் பாட்டி பால்வாடிக் குழந்தைகளோடு வேலை பார்த்தவர். மாறனுக்கு மூன்று வயசு நடக்கும்போது வேலியோரம் நின்று, "இவன் உனக்கு எதையாவது காட்டுகிறானா?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்துக் குழாய்மேல் வைப்பான் என்றேன். "அது கேட்பது. நான் கேட்டது காட்டுவதை. நிலாவைப் பார், நாயைப் பார் என்று விரல் நீட்டிவிட்டு உன் முகத்தைப் பார்ப்பானா?" என்றார். ஒருநாளும் இல்லை. அப்படியும் நான், பெரிய மாமா நாலு வயசில்தானே பேசினார் என்று சொல்லிச் சொல்லி ஆறு மாதம் கடத்தினேன். பிறகு பரிசோதனைக்கு வரிசையில் பல மாதம். முடிவு தெரிந்தபோது அவனுக்கு நாலு முடிந்துவிட்டது. அந்த ஆறு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் தூக்கம் போய்விடுகிறது.

இப்போது உன் கடிதம். தம்பி மகள் யாழினி ரொம்ப சமத்து, அழுவதே இல்லை, தறிக்கு நூல் சுற்றும் தார்க்குச்சிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறாள், பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, ஆனால் ராட்டை சுற்றுகிற சத்தம் கேட்டால் எங்கிருந்தாலும் ஓடி வருகிறாள் என்று ஆசை ஆசையாக எழுதியிருக்கிறாய். நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இரண்டே கால் வயசில் ஒரு வார்த்தையும் இல்லை என்பதைக் கடைசி வரியில் போட்டிருக்கிறாய்.

இதுதான் என்று நான் சொல்லவில்லை. கடிதத்தை வைத்து யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு வயசுக்குள் பேருக்குத் திரும்ப வேண்டும், ஒன்றரை வயசுக்குள் விரல் நீட்டிக் காட்ட வேண்டும். இல்லையென்றால் பார்த்துவிட வேண்டும். பெண் குழந்தை அமைதியாக இருந்தால் சமத்து என்று விட்டுவிடுவதால் பலரைத் தாமதமாகத்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

நம் சேலம் பெரியாஸ்பத்திரியில், மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியில்தான், சின்னக் குழந்தைகளின் வளர்ச்சியைப் பார்க்கிற மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது. காசு கிடையாது. முதலில் காது கேட்கிறதா என்று பார்ப்பார்கள். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு ஆட்டிசம் சந்தேகம் உண்டா என்று பார்க்க எம்-சாட் என்று 20 கேள்வி உண்டு, அதையும் கேட்கலாம். அதில் சந்தேகம் வந்தால் மேலே முழுப் பரிசோதனை. ஆட்டிசம் என்றே முடிவானாலும் 2016 மாற்றுத்திறனாளி சட்டத்தில் அது இருக்கிறது. அடையாள அட்டை வாங்கலாம், நிராமயா திட்டத்தில் ஒரு லட்சம் வரை மருத்துவக் காப்பீடு உண்டு. அதெல்லாம் பிறகு.

நாக்கில் வசம்பு தேய்க்க வேண்டாம். கோட்டை மாரியம்மனுக்கு வேண்டிக்கொள், ஆனால் வேண்டுதல் முடியட்டும் என்று ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போடாதே. சித்தி தடுப்பூசியால் வந்தது என்பாள். அப்படிச் சொன்ன 1998 கட்டுரையை அச்சிட்ட பத்திரிகையே 2010இல் பொய்யென்று திரும்பப் பெற்றுவிட்டது. முக்கியமாக யாழினியைப் பெற்ற மலரை யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது. அம்மா பாசம் காட்டாததால்தான் வருகிறது என்று ஒரு காலத்தில் டாக்டர்களே பேசினார்கள், அது தப்பென்று எப்போதோ தெரிந்துவிட்டது. நான் அந்தச் சொல்லுக்குப் பயந்துதானே உன்னிடமே வாய் திறக்கவில்லை.

டாக்டர் பார்க்கிற வரைக்கும் மலர் ஒன்று செய்யலாம். இங்கே மாறனுக்குச் சோப்புக் குமிழை ஊதிவிட்டு நிறுத்தச் சொன்னார்கள். அவன் கண் நம் முகத்துக்கு வரும்வரை காத்திருந்து, வந்த உடனே மறுபடி ஊத வேண்டும். யாழினிக்கு நம் வீட்டில் ராட்டை இருக்கிறதே. மடியில் வைத்துச் சுற்றட்டும், நிறுத்தட்டும், அவள் நிமிர்ந்து பார்த்ததும் "சுத்து" என்று சொல்லிச் சுற்றட்டும். தமிழிலேயே. எங்களிடம் ஒருவர் வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள் என்றார், எட்டு மாதம் என் பிள்ளையோடு அந்நிய பாஷை பேசினேன். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்தான் அதை நிறுத்தினார்.

போன வாரம் மாறன் வாசலில் நின்று பாட்டியின் கார் ஒயரைப் பார்த்து விரல் நீட்டினான். நீட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். பனியில் நின்று "ஒயரு, ஆமா சாமி, ஒயரு" என்று கத்தினேன். யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. அம்மாபேட்டையாக இருந்தால் தறியை நிறுத்திவிட்டுத் தெருவே வந்திருக்கும். நீ வந்திருப்பாய். உன் மடி வேண்டும்போல இருந்தது அம்மா.

சரி. திங்கட்கிழமை தம்பி வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் குழந்தையைக் கூட்டிப் போகட்டும். தடுப்பூசி அட்டையும், அவள் அடுக்குகிறதைப் போனில் எடுத்த வீடியோவும் கொண்டுபோகச் சொல். அப்பா கண் ஆபரேஷனைச் சித்திரைக்குத் தள்ள வேண்டாம், வெயிலுக்கு முன்னால் முடியட்டும். வடக்குச் சுவர் விஷயத்தில் சித்தப்பாவோடு பேசுவதாக இருந்தால் பத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு பேசச் சொல். மூத்த மாமா வீட்டு மொய்க்கு என் பேரில் ஆயிரத்தொன்று எழுதிவிடு, தந்துவிடுகிறேன்.

பங்குனியில் எதிர்வீட்டு அண்ணன் மகன் டொரன்டோ வருகிறானாமே. ஜவ்வரிசி வடகம் கொஞ்சம் கொடுத்தனுப்பு. காலித் தார்க்குச்சி ஒரு பத்தும் வை, மாறனுக்கு.

உன் மகள்,
சாந்தி