தம்பி, அந்தக் கருப்பு டிஸ்க் பழுதாகவில்லை

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். மானிட்டருக்குப் பின்னால் மூன்று, கீபோர்டுக்குப் பக்கத்தில் இரண்டு, ஸ்பீக்கர் மேல் ஒன்று, லேப்டாப்புக்கு முட்டுக் கொடுத்த மாதிரி அடியில் ஒன்று. மொத்தம் ஏழு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். "இதையெல்லாம் அடுக்கி வைக்க எந்த ஸ்டாண்டு வாங்கலாம் அக்கா?" என்று ஒரே வரியில் கேட்டிருந்தாய். அதற்குப் பதில் எழுத எனக்கு நான்கு நாள் ஆகிவிட்டது. ஸ்டாண்டைப் பற்றிப் பேசுமுன் உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று ரொம்ப நாளாகப் பாக்கி இருக்கிறது.

பாப்பா பிறந்த முதல் ஆறு மாதத்து வீடியோக்களை மெமரி கார்டோடு என்னிடம் கொடுத்து, பத்திரமாக ஏற்றி வைக்கச் சொன்னாய். ஏற்றினேன். கார்டுகளை வாங்கிக்கொண்டு போய் அழித்து, நீ வேறு வேலைக்கு வைத்துக்கொண்டாய். அப்புறம் ஒரு நாள் நான் போன் செய்து, டிஸ்க் பழுதாகிவிட்டது, ஒன்றும் மிஞ்சவில்லை என்றேன். நீ ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "மெஷின்தானே அக்கா, விடு" என்றாய்.

டிஸ்க் பழுதாகவில்லை, தம்பி. இன்றைக்கும் நன்றாக ஓடுகிறது. என் மேஜையில் அப்போது ஒரே கம்பெனி, ஒரே கருப்பு, ஒரே 2 டிபி (டெராபைட்) என்று இரண்டு டிஸ்க் இருந்தன. ஒன்றில் உன் வீடியோ, இன்னொன்றில் எனக்கு இனிமேல் தேவைப்படாத பழைய வேலை. பழையதைக் காலி செய்ய உட்கார்ந்தேன். கம்ப்யூட்டரில் இரண்டுக்கும் ஒரே பெயர், வாங்கும்போதே கம்பெனி வைத்திருந்த பெயர். செருகும் ஒவ்வொரு டிஸ்குக்கும் விண்டோஸ் ஓர் ஆங்கில எழுத்து கொடுக்கும். முந்தின நாள் பழைய டிஸ்க் 'எஃப்' என்ற எழுத்தில் வந்தது. மறுநாள் செருகிய வரிசை மாறியதால் உன்னுடையது 'எஃப்' ஆகிவிட்டது. நான் முந்தின நாள் நினைப்பிலேயே ஃபார்மட் கொடுத்தேன்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பிழைத்திருக்கலாம். குவிக் ஃபார்மட் என்பது உள்ளே இருப்பதையெல்லாம் துடைப்பதில்லை. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைத்தான் புதிதாக எழுதுகிறது. அந்த நிமிடமே கேபிளைக் கழற்றி வைத்திருந்தால் மீட்பு மென்பொருளால் பெரும்பாலும் திரும்ப எடுத்திருக்கலாம். நானோ காலியாகிவிட்டது என்று நம்பி, ராத்திரி முழுக்க அதன் மேல் ஒன்றரை டிபி புது வேலையை ஏற்றினேன். காலையில் அடுத்த டிஸ்கைத் திறந்தால், அழித்திருக்க வேண்டிய பழைய ஃபோல்டர்கள் அப்படியே இருக்கின்றன. கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

இத்தனை நாள் உன்னிடம் மறைத்தது தப்பு. மன்னித்துக்கொள். இப்போதாவது சொல்ல வைத்தது உன் படம்தான். கீபோர்டு பக்கத்தில் இருக்கும் அந்த இரண்டு டிஸ்கும் அச்சாக ஒரே மாதிரி இருக்கின்றன. நம்மைப் போல மேஜை நிறைய டிஸ்க் வைத்து வேலை செய்கிறவர்கள் வேறு யாரும் படித்தாலும் ஆகட்டும் என்று இதை எல்லாரும் பார்க்கும்படியே எழுதுகிறேன்.

அதனால் முதலில் ஏழுக்கும் பெயர் வை. பெயர் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும்: வெளியே லேபிளில் ஒன்று, கம்ப்யூட்டரில் அந்த டிஸ்க் காட்டும் பெயராக ஒன்று. இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். லேபிளை மேல்பக்கம் ஒட்டாதே. ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் மறைந்துவிடும். உன்னைப் பார்த்து இருக்கும் ஒல்லியான ஓரத்தில் ஒட்டு. எக்ஸ்ஃபேட் (விண்டோஸ், மேக் இரண்டிலும் திறக்கும் முறை) முறையில் ஃபார்மட் செய்த டிஸ்குக்குப் பதினோரு எழுத்துக்கு மேல் பெயர் வைக்க முடியாது, ஆகவே சுருக்கமான பெயராக யோசி. நான் எண்ணும் வேலையும் சேர்த்து வைக்கிறேன்: 1 நடப்பு, 2 நகல்-1, 3 குடும்பம், 4 நகல்-3 (நகல்-1 என்றால் 1-இன் நகல்). தேதி போட்டுப் பெயர் வைத்தால் ஆறு மாதத்தில் உனக்கே புரியாது.

விண்டோஸில் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறந்து ஒவ்வொன்றுக்கும் நிலையாக ஓர் எழுத்து கொடு. ஆர், எஸ், டி (R, S, T) என்று அகரவரிசையின் கடைசிப் பக்கமாகக் கொடு. முன்னால் இருக்கும் எழுத்துகளை வருகிற போகிற பென் டிரைவெல்லாம் எடுத்துக்கொள்ளும். இதைச் செய்ய ஒரு டிஸ்குக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. எனக்கு அந்த ஒரு நிமிடம் இல்லாமல்தான் உன் ஆறு மாதம் போனது. இப்போதெல்லாம் எதையாவது ஃபார்மட் செய்யும் முன் மற்ற எல்லா டிஸ்கையும் கழற்றிவிடுகிறேன். செருகியிருப்பது ஒன்றே ஒன்று என்றால் தவறான டிஸ்கைத் தொட வழியே இல்லை.

சரி, இனி மேஜைக்கு வருகிறேன். ஏழில் இந்த வாரம் நீ உண்மையில் தொடப்போவது எத்தனை? இரண்டு இருக்கும், அதிகம் போனால் மூன்று. மற்றவற்றுக்கு மேஜையில் வேலையே இல்லை. கழற்றி, கேபிளோடு சேர்த்து, அலமாரியில் வை. மேஜையில் இருக்கும்வரை அவை தட்டுப்படும், சூடாகும், தண்ணீர் கொட்டினால் நனையும்.

ஓடுகிற டிஸ்க் எவ்வளவு நுணுக்கமான பொருள் என்று தெரிந்தால் நீயே அதை ஓரத்தில் வைக்க மாட்டாய். சின்ன போர்ட்டபிள் டிஸ்குகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும், அதாவது ஒரு நொடிக்கு 90 தடவை. அந்தத் தட்டின் மேல் படிக்கும் தலை சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்துகொண்டிருக்கும். நம் தலைமுடி ஒன்றின் பருமன் சுமார் 80,000 நானோமீட்டர். இந்த இடைவெளியில்தான் உன் ஒவ்வொரு ஃபைலும் எழுதப்படுகிறது. அணைத்திருக்கும் டிஸ்க் கீழே விழுந்தால் தப்பிக்க வாய்ப்பு உண்டு, தலை ஒதுங்கி நிற்கும். ஓடும்போது விழுந்தால் அந்த வாய்ப்பு மிகவும் குறைவு. ஆகவே சின்ன டிஸ்கை நிறுத்தி வைக்காதே, படுக்க வை. கேபிள் மேஜை ஓரத்தைத் தாண்டித் தொங்கவே கூடாது. நாற்காலியைப் பின்னால் தள்ளும்போது கால் மாட்டி இழுத்தால் டிஸ்கும் சேர்ந்து வரும்.

ஸ்பீக்கர் மேல் இருப்பதை இன்றைக்கே எடுத்துவிடு. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் வேலை பார்த்த பிரெண்டன் கிரெக் என்ற பொறியாளர் 2008-ல், ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் வரிசைக்கு முன்னால் நின்று உரக்கக் கத்திக் காட்டினார். திரையில் டிஸ்குகள் பதில் தரும் நேரம் சட்டென்று எகிறியது. வெறும் குரலின் அதிர்வுக்கே தலை தடம் மாறித் தடுமாறுகிறது என்றால், பாட்டு ஓடும் ஸ்பீக்கரின் முதுகில் உட்கார்ந்திருப்பது என்ன பாடுபடும்!

மானிட்டருக்குப் பின்னால் உள்ள மூன்றும் ஒரே ஹப்பில் (ஒரு யுஎஸ்பி போர்ட்டைப் பலவாக்கும் பெட்டி) இருப்பது தெரிகிறது. "சில சமயம் டிக் டிக் என்று சத்தம் வந்து தானாகக் கழன்றுகொள்கிறது" என்று போன மாதம் சொன்னாயே, அதற்குக் காரணம் அநேகமாக அந்த ஹப்தான். யுஎஸ்பி 3.0 போர்ட் ஒன்று கொடுக்க வேண்டிய மின்சாரம் 900 மில்லிஆம்பியர், பழைய 2.0 என்றால் 500. தனி அடாப்டர் இல்லாத ஹப் அந்த ஒரு போர்ட்டின் மின்சாரத்தையே மூன்று பேருக்கும் பங்கு போடுகிறது. டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில்தான் அதற்கு அதிகம் தேவை. அது கிடைக்காவிட்டால் தொடங்கும், நிற்கும், மறுபடி தொடங்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது இப்படி நின்றால் ஃபைல் கெடும். அடாப்டரோடு வரும் ஹப் வாங்கு. உன் ஸ்டாண்டுக்கு ஒதுக்கிய பணத்தை அதில் போடலாம். அதை மாற்றிய பிறகும், லேப்டாப்பில் நேரடியாகச் செருகியும் டிக் டிக் நிற்காவிட்டால், பிரச்சினை டிஸ்கில் இருக்கிறது. வேறு எதுவும் செய்யாமல் முதலில் அதில் உள்ளதை வெளியே எடு.

பெரிய டிஸ்க் இரண்டுக்கும் தனித்தனி அடாப்டர் இருக்குமே, அதைத்தான் எனக்கு நினைத்தாலே பயமாக இருக்கிறது. அவை 12 வோல்ட். லேப்டாப் அடாப்டர் பல 19 வோல்ட். முனையில் இருக்கும் உருளைப் பின் சில சமயம் அளவிலும் ஒன்றாக இருக்கும், வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். மாற்றிச் செருகினால் டிஸ்கின் சர்க்யூட் போர்டு அங்கேயே போய்விடலாம். மேஜைக்கு அடியில் குனிந்து, கை தடவலில் செருகும்போது யாருக்கும் இது நடக்கும். இரண்டு அடாப்டரின் வயரிலும், பின்னுக்கு ஒரு விரல் தள்ளி, வெள்ளை டேப் சுற்றி டிஸ்கின் எண்ணை எழுது. சுவர்ப் பக்கத்து முனையிலும் எழுது. எது எதனுடையது என்று தெரியாமல் கழற்றவும் கூடாது.

கேபிள்களுக்கு வெல்க்ரோ போதும். போர்ட்டபிள் டிஸ்கின் அந்த அகலமான சாக்கெட் மென்மையானது, அடிக்கடி கழற்றி மாட்டினால் தளர்ந்துவிடும். கேபிளை டிஸ்கிலேயே விட்டுவிட்டு, மறுமுனையைக் கழற்று.

ஸ்டாண்டு கேட்டாய். காகிதங்களை அடுக்கும் திறந்த கம்பித் தட்டு போதும், இரண்டு தட்டு உள்ளது. ஒரு தட்டுக்கு ஒரு டிஸ்க், சுற்றிக் காற்று போகட்டும், அடியில் மெல்லிய ரப்பர் ஷீட் போடு. மூடிய பெட்டிக்குள் ஓட விடாதே. லேப்டாப்புக்கு அடியில் இருப்பது இரண்டு பக்கமும் சூடு வாங்குகிறது, அதற்கும் இடம் மாற்று. அந்தச் சின்ன எஸ்எஸ்டி மட்டும் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, அதில் சுழலும் பாகமே இல்லை. தினசரி வேலைக்கு அதை வைத்துக்கொள். ஆனால் அதில் எதையாவது ஏற்றி வருடக்கணக்கில் அலமாரியில் போட்டுவிடாதே. மின்சாரம் இல்லாமல் நெடுநாள் கிடந்தால் அதில் உள்ளது மெல்ல மெல்லக் கசிந்துவிடும்.

இவ்வளவும் செய்து முடித்தாலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கும். 3-2-1 என்று ஒரு கணக்கு சொல்வார்கள். பீட்டர் குரோ என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரவலாக்கியது. எதுவானாலும் மூன்று பிரதி, இரண்டு வேறு வேறு வகைச் சாதனத்தில், அதில் ஒன்று வேறு இடத்தில். உன் ஏழு டிஸ்கும் ஒரே மேஜையில், ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் இருக்கின்றன. ஒரு மின்னழுத்த எகிறல், ஒரு திருட்டு, ஒரு தீ, எது வந்தாலும் ஏழும் ஒன்றாகத்தான் போகும்.

அதனால் ஒரு யோசனை. குடும்பப் படங்கள் இருக்கும் டிஸ்கை இன்னொன்றில் முழுதாக நகல் எடு. நகலை மட்டும் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிவிடு. விண்டோஸ் புரோ பதிப்பில் பிட்லாக்கர், மேக்கில் அதன் சொந்த வசதி, இரண்டிலும் திறக்க வேண்டுமென்றால் வெராகிரிப்ட். பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி டிஸ்கோடு சேராமல் வேறு இடத்தில் வை. எழுதி முடித்ததும் நாலைந்து வீடியோவைத் திறந்து ஓட விட்டுப் பார். ஃபோல்டர் தெரிகிறது என்பதோடு விட்டுவிடாதே. அப்புறம் அடுத்த தடவை வரும்போது அந்த நகலை என்னிடம் கொடு. என் குடும்ப நகலை உன்னிடம் தருகிறேன். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றிக்கொள்வோம்.

உன்னுடையதற்கு அலமாரியில் இடம் ஒதுக்கிவிட்டேன், லேபிளும் எழுதி வைத்திருக்கிறேன். பாப்பாவின் அந்த ஆறு மாதத்தில் நீ எனக்கு வாட்ஸாப்பில் அனுப்பியிருந்த 11 சின்ன வீடியோக்கள் மட்டும் என் பழைய போனில் கிடைத்தன. படம் கொஞ்சம் மங்கல்தான், குரல் தெளிவாக இருக்கிறது. நான் தரப்போகும் டிஸ்கில் முதல் ஃபோல்டர் அதுதான்.

அன்புடன்,
அக்கா