கோத்தகிரியில் அன்று வண்டி எடுத்த அண்ணனுக்கு

போன ஆடியில் இரவு பதினோரு மணிக்கு கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து போன், அம்மாவுக்குச் சிறுநீரகம் வந்திருக்கிறது, உடனே கிளம்புங்கள் என்று. மூன்று வருடக் காத்திருப்பு. வெளியே அடைமழை, டாக்சிக்காரர்கள் எல்லாம் விடியட்டும் என்றார்கள். ஐஸில் வைத்த சிறுநீரகம் ஏறக்குறைய ஒரு நாள் தாங்கும், ஆனால் ரத்தப் பொருத்தம் பார்க்கவே பல மணி நேரம் போய்விடும், நாங்கள் பிந்தினால் அடுத்தவருக்குப் போகும்.

மார்க்கெட்டில் கேரட் ஏற்றிக்கொண்டிருந்த பிக்கப் அண்ணா, நீங்கள் பாதி மூட்டையை இறக்கிவிட்டு "ஏறுங்கம்மா" என்றீர்கள். அம்மா, டயாலிசிஸ் ஊசி போட ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட கையைச் சால்வைக்குள் அணைத்தபடி உட்கார்ந்திருந்தார், நீங்கள் மூடுபனியில் கண்ணாடியைத் துண்டால் துடைத்துத் துடைத்து ஓட்டினீர்கள். மண்டி மேட்டுப்பாளையத்தோடு சரி, நீங்கள் கோவை வரை வந்தீர்கள். டீசல் காசுகூட வாங்கவில்லை.

சிறுநீரகம் தந்த குடும்பம் யாரென்றும் தெரியாது, சொல்லவும் மாட்டார்கள், அதுதான் முறை. ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து மூளைச்சாவை உறுதி செய்த பிறகுதான் சம்மதம் கேட்பார்களாம். அந்த நேரத்தில், ஒரு பைசா வாங்காமல் சரி என்று சொன்னவர்களை நினைக்காத நாளில்லை.

அண்ணா, அம்மா இப்போது டயாலிசிஸ் இல்லாமல் இருக்கிறார். வீடு கட்டபெட்டு பக்கம்தான், ஒருநாள் சாப்பிட வாருங்கள்.