செயலாளரின் ஆண்டறிக்கை, 2025

தலைவருக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம், அவர்கள்தான் அதிகம் என்பதால் இந்த அறிக்கை வாட்ஸ்அப் குழுவிலும் வரும்.

நம் இணைய ஊடகச் சங்கம் இந்த ஆண்டு நான்கு கூட்டங்கள் நடத்தியது. அமெரிக்காவில் தகவல் சரிபார்ப்பாளர்களை மெட்டா கைவிட்டது பற்றி ஒன்று. விளம்பரத்துக்காக வாசகரைத் தளத்துக்குத் தளம் பின்தொடரும் மூன்றாம் தரப்பு குக்கிகள் குரோம் உலாவியில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று கூகுள் முடிவெடுத்தது பற்றி ஒன்று (2020-லிருந்து இதோ எடுக்கிறோம் என்று நம்மை ஓடவிட்டவர்கள்). யூடியூப் ஷார்ட்ஸ் வருமானம் பற்றி ஒன்று. நான்காவதற்கு நானும் பொருளாளரும் மட்டும் வந்தோம், விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பினோம்.

சரி, சர்வர் பதிவுத் திட்டத்துக்கு வருகிறேன், அதாவது நம் தளங்களுக்கு யார் எப்போது வந்தார்கள் என்று சர்வர் தானாகக் குறித்துவைக்கும் பதிவுகளைப் பார்க்கும் திட்டம். 2024 மே மாதம் கூகுள் அமெரிக்காவில் தேடல் முடிவுகளுக்கு மேலே ஏஐ சுருக்கம் காட்டத் தொடங்கி, பிறகு மற்ற நாடுகளுக்கும் கொண்டுபோனதிலிருந்து, சுருக்கத்தோடு நின்றுவிடுகிறார்கள், தளத்துக்கு வாசகர் வரவில்லை என்று குழுவில் தினமும் புலம்பல். புலம்பினால் போதாது, யார் வருகிறார்கள் என்று பார்ப்போம், பதிவுகளை அனுப்புங்கள் என்றேன். ஆறு பேர் அனுப்பினார்கள். மூன்று வருடமாக ஒருவரும் திறக்காத ஒரு நூல் விமர்சனத்தை அதிகாலை 3 மணிக்கு ஜிபிடிபாட் (ஏஐக்குப் பயிற்சி தரத் தளங்களைத் திரட்டும், சாட்ஜிபிடி நிறுவனமான ஓபன்ஏஐயின் தானியங்கி நிரல், அதாவது பாட்) எடுத்துப் போயிருக்கிறது. எழுதியவரிடம் சொன்னேன், யாராவது படித்தார்களே என்று சந்தோஷப்பட்டார்!

அதன்பிறகுதான் ரோபோட்ஸ் கோப்புப் பயிற்சி, எந்த பாட் வரலாம், எது வரக்கூடாது என்று தளத்தில் எழுதிவைக்கும் கோப்பு அது. யூசர் ஏஜென்ட் வரியில் ஜிபிடிபாட், அடுத்த வரியில் டிஸ்அலோ போட்டு ஒரு சாய்கோடு, அவ்வளவுதான் என்று திரையில் காட்டினேன். பாதியில் வந்த ஒருவர் ஜிபிடிபாட் என்ற பெயர் இருக்க வேண்டிய இடத்தில், எல்லா பாட்களையும் குறிக்கும் நட்சத்திரக் குறியைப் போட்டுவிட்டார். அவர் தளத்தின் புதுக் கட்டுரை எதுவும் கூகுளில் ஏறவில்லை. செயலாளர் சொல்லித்தான் செய்தேன் என்று குழுவில் எழுதினார். நான் காட்டியதில் நட்சத்திரம் இல்லை, இது பதிவில் இருக்கட்டும்.

கூகுள் தன் ஏஐ பயிற்சிக்குத் தனியாக வைத்திருக்கும் கூகுள் எக்ஸ்டெண்டட் என்ற பெயரை அந்தக் கோப்பில் தடுத்தால் ஏஐ சுருக்கம் நிற்குமா என்று பலர் கேட்டீர்கள். நிற்காது. சுருக்கம் தேடலோடு சேர்ந்தது, தேடலுக்காகப் பக்கங்களைத் திரட்டும் கூகுள்பாட் என்ற நிரலையே தடுத்தால் தேடலிலிருந்தும் காணாமல் போவோம். புதிதாகச் சேரும் தளங்களில் ஏஐ பாட்களைத் தானாகவே தடுப்பதாக, தளங்களுக்குப் பாதுகாப்பு தரும் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2025 ஜூலையில் அறிவித்தது, பாட் வருகைக்குக் காசு கேட்கும் ஏற்பாட்டையும் அப்போது சோதிக்கத் தொடங்கியது. தன் கட்டுரைகளை அனுமதியில்லாமல் ஏஐ பயிற்சிக்கு எடுத்ததாக நியூயார்க் டைம்ஸ் 2023 டிசம்பரில் ஓபன்ஏஐ மீது வழக்கே போட்டுவிட்டது. நம்மால் அது முடியாது, சேர்ந்து பேரம் பேசலாம் என்று ஒரு மனு தயாரித்தேன். ஒன்பது கையெழுத்து.

கணக்கைப் பொருளாளர் பார்த்துவிட்டார், ஏறக்குறைய சரியாக இருக்கிறது. தளத்தின் புதுப்பிப்புக் கட்டணம் என் கையிலிருந்து போனது, அவசரமில்லை. சந்தா பாதிப் பேர் கட்டவில்லை. தங்கள் தளத்தில் கட்டணச் சுவர் எழுப்பி வாசகரிடம் மாதச் சந்தா கேட்கிற அதே நண்பர்கள், சங்கச் சந்தா என்றதும் "லிங்க் அனுப்புங்க" என்கிறார்கள். ஐந்து முறை அனுப்பியாகிவிட்டது.

தலைவர், பொருளாளர், அரங்கம் தந்தவர்கள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் நீதானா என்று வீட்டில் கேட்கிறார்கள். பதிவுகள் என் மடிக்கணினியில் இருக்கின்றன, யார் பொறுப்பேற்றாலும் தந்துவிடுகிறேன். ஆனால் விதிப்படி சந்தா பாக்கி இருக்கக் கூடாது, இரண்டு கூட்டத்துக்காவது வந்திருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் இப்போதைக்கு மூன்று பேர்தான் தேறுகிறோம், அதில் தலைவர் முடியாது என்று சொல்லிவிட்டார்.