இலவசச் செயலிக்குக் கூலி யார் தருவது?

ஐயா,

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். 20-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்ய நினைவூட்டும் இலவசச் செயலி ஒன்று போனில் இருக்கிறது. நல்ல செயலிதான், பொய் சொல்லக் கூடாது. போன மாதம் 'உத்யம் பதிவு இல்லை' என்று சிவப்பில் காட்டியது; உத்யம் என்பது சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு. கீழே இருந்த பட்டனைத் தொட்டேன். கையிலிருந்த கண்ணியைப் பற்றவைத்து முடிப்பதற்குள் ஓர் ஏஜென்ட் கூப்பிட்டு 1,500 ரூபாய் கேட்டார். அரசுத் தளத்தில் ஆதாரை வைத்துப் பதிந்தால் உத்யமுக்குக் கட்டணமே கிடையாது! ஆள் அனுப்பினால் செயலிக்குக் கமிஷன் என்று அவரே பிறகு சொன்னார். மாட்டுச் சந்தையில் விலை பேசத் துண்டுக்கடியில் விரல் பிடிப்பவரைக்கூடத் தரகர் என்று பார்த்ததும் தெரிகிறது. கமிஷன் வாங்கட்டும், அதைப் பட்டன் மேலேயே எழுதிவைக்கட்டும், பக்கத்தில் அரசுத் தள முகவரியோடு.

– கொலுசுப் பட்டறைக்காரர், சேலம்