தாமிரச் சுரங்கக் காலாண்டு: லாபத்தோடு டன் கணக்கையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாமிரச் சுரங்க நிறுவனங்களின் காலாண்டு முடிவு வரும்போதெல்லாம் உங்கள் வணிகப் பக்கம் இரண்டு எண்களோடு நின்றுவிடுகிறது: நிகர லாபம் எவ்வளவு, போன வருடம் இதே காலாண்டைவிட எத்தனை சதவீதம் கூட. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கைபேசியிலேயே பங்கு வாங்கி விற்பவர்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் படுவது அந்தச் சதவீதம்தான். சுரங்கத்தைப் பொறுத்தவரை அது பாதிக் கதைகூட இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் உதாரணத்துக்குத்தான், எந்த நிறுவனத்துடையதும் அல்ல. ஒரு காலாண்டில் 10 லட்சம் டன் தாது வெட்டுகிறார்கள். அதில் தாமிரம் 1 சதவீதம்; இந்தச் சதவீதத்தைத்தான் கிரேடு என்பார்கள். அரைத்து நுரைமிதப்பு முறையில் பிரித்தால் அதில் 90 சதவீதம் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம்; ஆக 9,000 டன் தாமிரம். சம்பளம், வெடிமருந்து, மின்சாரம், டீசல் எல்லாம் சேர்த்துச் செலவு 450 கோடி ரூபாய். டன் 8 லட்சம் என்றால் வரவு 720 கோடி, மிச்சம் 270 கோடி.

அடுத்த வருடம் அதே காலாண்டு. வெட்டியதும் அதே 10 லட்சம் டன், செலவும் அதே 450 கோடி. ஆனால் கிரேடு 0.9க்கு இறங்கிவிட்டதால் கிடைத்தது 8,100 டன். இதற்குள் லண்டன் உலோகச் சந்தையில் விலை ஏறி டன் 9.5 லட்சம் ஆகிவிட்டது. வரவு 769.5 கோடி, மிச்சம் 319.5 கோடி. மறுநாள் செய்தி: 'லாபம் 18 சதவீதம் உயர்வு'. சுரங்கமோ உற்பத்தியில் பத்தில் ஒரு பங்கை இழந்திருக்கிறது. டன்னுக்கு அடக்கவிலை 5 லட்சத்திலிருந்து ஐந்தரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. விலை மறுபடி 8 லட்சத்துக்கு வந்தால் மிச்சம் 198 கோடிதான். செய்தியை நம்பி வாங்கியவருக்கு அப்போதுதான் உறைக்கும். வெட்டிய தாது, கிரேடு, விற்ற டன் ஆகிய மூன்றும் ஒரு வரியில் அடங்கிவிடும்.

முந்தைய காலாண்டோடு ஒப்பிடுவதிலும் கவனம் வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை எங்கள் கடலில் மீன்பிடித் தடைக்காலம். அந்தக் காலாண்டின் விசைப்படகு வரவை அக்டோபர், நவம்பரோடு வைத்து 'மீன்பிடி சரிந்தது' என்று பாம்பனில் யாராவது சொன்னால் சிரிப்பார்கள். திறந்தவெளிச் சுரங்கத்துக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை அப்படிப்பட்ட காலம். குழியில் மழைநீர் நிற்கும், பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், பாதை சேறாகித் தாது ஏற்றும் டம்பர் லாரி ஏறாது.

அடுத்தது விலை. காலையில் நண்டை எடைபோட்டு ஏற்றிவிட்டு, விலையைக் கம்பெனி பிறகு சொல்லும் என்று வெறும் துண்டுச்சீட்டோடு திரும்புவது போலத்தான் தாதுச்செறிவு, அதாவது தாதுவை அரைத்துப் பிரித்தெடுத்த தாமிரம் மிகுந்த தூள், வியாபாரமும். சரக்கு போகும்போது போடுவது தற்காலிக விலை. ஒப்பந்தத்தில் குறித்த மாதத்தின் லண்டன் சராசரிதான் முடிவான விலை. அது சரக்கு போய் ஒன்று முதல் நான்கு மாதம் கழித்துக்கூட வரலாம். மார்ச் 31 அன்று 3,000 டன்னுக்கு விலை முடிவாகாமல் கிடந்து, பிறகு டன்னுக்கு 50,000 ரூபாய் இறங்கினால், அடுத்த காலாண்டில் 15 கோடி கழியும். அந்தக் காலாண்டில் சுரங்கம் ஒரு தவறும் செய்திருக்காது. ஏறினாலும் அப்படியே, அதில் அவர்கள் சாமர்த்தியம் எதுவும் இல்லை.

'காப்பர் பங்குகள்' என்று சுரங்கத்தையும் உருக்காலையையும் ஒரே பெட்டியில் போடுவதையும் நிறுத்தலாம். நமக்குத் தெற்கே தூத்துக்குடியில் 2018 மே மாதம் மூடப்பட்டது உருக்காலை. அதற்குத் தாதுச்செறிவு கப்பலில் வந்தது. செறிவை உருக்கிச் சுத்திகரிக்கச் சுரங்கக்காரர் உருக்காலைக்குக் கூலி தருகிறார். உலகச் சந்தையில் வருடாந்தரப் பேச்சில் முடியும் அந்தக் கூலி 2024இல் டன் செறிவுக்கு 80 டாலர், சுத்திகரிப்புக்குப் பவுண்டுக்கு 8 சென்ட். 2025இல் 21.25 டாலர், 2.125 சென்ட் என்று விழுந்துவிட்டது. 2023 கடைசியில் பனாமாவின் பெரிய சுரங்கம் நின்றுபோக, உருக்காலைகளோ பெருகிக்கொண்டே போக, செறிவுக்கு அடிதடி. உருக்காலையின் வயிற்றில் அடித்த அதே செய்தி சுரங்கத்துக்கு வரவு.

வருங்கால மதிப்பீட்டைப் போடும்போது நிர்வாகம் சொல்லும் இலக்கை மட்டும் எடுத்துப் போடாதீர்கள். பொதுத்துறை நிறுவனமான இந்துஸ்தான் காப்பர் வெட்டும் தாது ஆண்டுக்கு ஏறத்தாழ 35 முதல் 40 லட்சம் டன். இலக்கு 122 லட்சம் டன். மத்தியப் பிரதேசத்தின் மலஞ்ச்கண்டில் திறந்தவெளிக் குழியிலிருந்து நிலத்தடிக்கு மாறுகிறார்கள். நிலத்தடியில் தாதுவைத் தொடுவதற்கு முன் சுரங்கவழி, காற்றோட்டம், நீரேற்றம் எல்லாம் முடிய வேண்டும். ஆகவே அந்தக் காலாண்டில் எத்தனை மீட்டர் சுரங்கவழி குடைந்தார்கள் என்பதுதான் அடுத்த இரண்டு வருட டன்னைச் சொல்லும் எண். அனுமதியையும் பார்க்க வேண்டும்: ஜார்க்கண்டின் சுர்தா சுரங்கம் குத்தகை முடிந்து 2020இல் நின்றது, மறுபடி திறக்க 2024 ஆனது. தாது பூமிக்குள்தான் இருந்தது, இல்லாதது காகிதம்.

கடைசியாக ஒன்று. முதல் மூன்று காலாண்டு முடிவுகள் 45 நாளுக்குள் வர வேண்டும். அவற்றைத் தணிக்கையாளர் மேலோட்டமாகத்தான் பார்த்திருப்பார். மே மாதம் வரும் நான்காம் காலாண்டு, தணிக்கை முடிந்த முழு ஆண்டுக் கணக்கிலிருந்து ஒன்பது மாதக் கணக்கைக் கழித்துக் கிடைப்பது. வரக்கூடிய செலவுகளுக்காக எடுத்துவைக்கும் தொகையில் ஆண்டு முழுவதற்குமாகச் செய்யும் திருத்தங்கள் அந்த ஒரு காலாண்டின் தலையில் விழும். ரொக்க ஓட்ட அறிக்கையோ செப்டம்பர், மார்ச் முடிவுகளோடு மட்டும் கட்டாயம். அந்த இரண்டு முறையாவது லாபத்துக்குப் பக்கத்தில், தொழிலில் கைக்கு வந்த ரொக்கம் எவ்வளவு என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கீழக்கரை, இராமநாதபுரம் மாவட்டம்.